ஜெர்லின் பல்லு எங்க கூரையில

எம் மகளுக்கு மொதப் பல்லு விழுந்த கதையச் சொல்றேன், கேளுங்க. நான்தான் எடுத்தேன். ரெண்டு வெரலால ஒரு புடி, ஒரு சுண்டு. அம்புட்டுத்தான். பல்லு எங் கையில இருக்கு, புள்ள சிரிச்சிக்கிட்டு நிக்கிது. ஒரு சொட்டு ரத்தம் இல்ல. திண்டுக்கல்லுல இருக்குற பல் டாக்டருங்க பூராம் கதவச் சாத்திட்டு வேற தொழிலு பாக்க வேண்டியதுதான்.

பொய்.

நான் எடுக்கவும் இல்ல, அவளுக்கு விழவும் இல்ல. அன்னைக்கு நான் கையில வச்சிருந்தது எம் மக பல்லே இல்ல. அது தெரியாம சாணி தேடி அலைஞ்சு, கூரை மேல எறிஞ்சு, தெருமுக்குக் கடையில நாலு பேருக்கு டீயும் வாங்கிக் குடுத்தவன் நான்.

எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. வாராவாரம் போன்ல பேசி அனுப்புறேன், பத்திரிக்க ஆபீஸ்ல ஒரு தம்பி அத எழுத்தாக்குறாரு. படிச்ச புள்ள. நான் சொல்றதுல பாதிய வெட்டிருவாரு. தம்பி, இந்த வாரம் செத்த பொறுத்து வெட்டுங்க. இது வீட்டு விசயம்.

சம படிப்பு

எம் மக பேரு சஷ்டிகா. பொறந்த அன்னைக்குச் சஷ்டின்னு நர்ஸம்மா சொன்னாங்க, அதான். ரெண்டாப்புப் படிக்கிறா. நானும் ரெண்டாப்பு வரைக்கும் போனவன். அதனால இந்த வருசம் எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சம படிப்பு. அடுத்த வருசம் அவ முந்திருவா. அதுக்குள்ள அவளுக்குத் தெரியாத எதையாச்சும் ஒண்ணு சொல்லிக் குடுத்திரணும்னு பாக்குறேன், ஒண்ணும் சிக்க மாட்டேங்குது.

என் பொழப்பு உங்களுக்குத் தெரியும். நிலக்கோட்டையில பூ மூட்டைய ஏத்தி, திண்டுக்கல்லு மார்க்கெட்டுல எறக்குற லோடு வண்டி. காலையில ஓட்டம் முடிஞ்சிரும். அப்புறம் நாள் பூராம் மனுசன் சும்மா இருக்கணும். சும்மா இருக்குற மனுசனுக்குத்தான் எல்லா வெசனமும் வரும்.

இந்த வருசம் பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல எனக்கு வந்த வெசனம் பல்லு.

சஷ்டிக்கு ஏழு வயசு முடிஞ்சு அஞ்சாறு மாசம் ஓடிருச்சு. வகுப்புல எந்தப் புள்ள வாயத் தொறந்தாலும் முன்னால ரெண்டு காலி, சிலதுக்கு நாலு காலி. எம் மக வாயில மட்டும் பால் பல்லு பூராம் நல்ல சோளக்கருது மாதிரி நெறஞ்சு நிக்கிது. ஒண்ணு கூட ஆடல.

அதனால என்னான்னு கேப்பீங்க. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஒரு நாளு சாயங்காலம் அவளக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போனேன். குழாயடியில புள்ளைங்க வரிசையா நின்னு, வாயில தண்ணிய வச்சு, பல்லு விழுந்த ஓட்டை வழியாப் பீச்சி விளையாடுதுங்க. யாரு தண்ணி தூரமாப் போகுதுன்னு போட்டி. தள்ளி நின்னு பாத்துக்கிட்டு இருந்தா எம் மக. நானும் தள்ளி நின்னு அவளப் பாத்தேன். அவளும் ஒரு வாய் தண்ணி எடுத்துப் பீச்சிப் பாத்தா. தண்ணி அவ சட்டையில வடிஞ்சுச்சு.

வர்ற வழியில, "அப்பா, எனக்கு எப்ப விழும்?"னு கேட்டா.

"நாளைக்கு"ன்னுட்டேன். எனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் உண்டு.

அன்னையிலருந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது. பால் வாங்கிட்டு வந்தா, "ஆ காட்டு." தலை சீவி முடிச்சா, "ஆ காட்டு." பூ மூட்டை ஏத்துறப்பயே எம் பொண்டாட்டி செல்விக்குப் போனப் போட்டு, "எதாச்சும் ஆடுதான்னு பாரு"ம்பேன்.

"பல்லு என்ன சிறுமலை பஸ்ஸா, எத்தன மணிக்கு வரும்னு கேட்டுக்கிட்டே நிக்கிறதுக்கு?"ன்னா செல்வி.

ஆனா அவளும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. புள்ள அசந்து தூங்குறப்ப ஈறத் தடவிப் பாக்குறத நான் பாத்திருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் பயம் ஒண்ணுதான். நான் அத வாயால கொட்டுவேன், அவ முழுங்கிக்கிருவா.

ரோட்டுல நான் திட்டுற திட்டு

அந்தப் பயத்தச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ரோட்டுல எனக்குன்னு ஒரு திட்டு வச்சிருந்தேன். எவனாச்சும் குறுக்க விட்டு முந்துனான்னா கண்ணாடிய எறக்கி, "ஏலே, ஏழு மாசத்துல பொறந்தவனே, என்னலே அம்புட்டு அவசரம்"ம்பேன். பக்கத்துல இருக்கவன் சிரிப்பான். கிளீனர் பயலுவ அதக் கத்துக்கிட்டு மத்த வண்டியில போயிப் பேசுவாங்க. எனக்கு அதுல ஒரு பெருமை வேற.

அப்பத்தான் வயித்துல ஏழு மாசம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, கன்னிவாடியில மாமனாரு வீட்டுல இருந்த செல்விக்கு வலி வந்துருச்சு. திண்டுக்கல்லுக்குக் கொண்டு வந்தோம். இங்க முடியாதுன்னு மதுரைக்கு அனுப்புனாங்க. அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பொறந்தா. ஒண்ணே கால் கிலோ.

ஒண்ணே கால் கிலோங்கிறது என்னான்னு எங் கைக்குத் தெரியும். ஒண்ணே கால் கிலோ மல்லியப்பூவ ஒரு கையால தூக்கி வண்டிக்குள்ள போடுவேன். அம்புட்டுத்தான் எம் மக.

கண்ணாடிப் பொட்டியில நாப்பது நாளுக்கு மேல வச்சிருந்தாங்க. மூக்குல ஒரு குழாயி, வாயில ஒரு குழாயி. தெனமும் குதிகாலுலதான் குத்தி ரத்தம் எடுப்பாங்க, வேற எடம் கெடையாதுல்ல அவ ஒடம்புல. கை பட்டா என்னமாச்சும் ஆயிரும்னு, நான் பொட்டிக்கு இந்தப் பக்கம் கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். பேசிப் பேசியே வாழ்ந்தவன் நாப்பது நாளு வாயத் தொறக்கல. செல்வி இத இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பா.

வீட்டுக்கு அனுப்புறப்ப அங்க இருந்த பெரிய டாக்டரம்மா சொன்னாங்க: "இவளுக்கு எல்லாம் கொஞ்சம் லேட்டா வரும். பயப்படாதீங்க. ஆனா கவனிச்சிக்கிட்டே இருங்க."

இதுல 'பயப்படாதீங்க' இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டாச்சு. 'கவனிச்சிக்கிட்டே இருங்க' மட்டும் உள்ள ஒக்காந்துக்கிச்சு. கவுந்து படுக்க லேட்டு. ஒக்கார லேட்டு. ஒவ்வொண்ணும் வந்துச்சு, வந்தப்புறம் செத்த நாளு நிம்மதி, அப்புறம் அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு இருக்குறது. பள்ளிக்கூடம் போயி, ஓடி ஆடி, எல்லாம் சரியாப் போச்சுன்னு நாங்க மறந்துட்டோம். இப்பப் பல்லு. இதோட நின்னுருமா, இல்ல இது வேற எதுக்காச்சும் ஆரம்பமான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

யாருட்டயாச்சும் கேட்டிருக்கலாம். கேக்க முடியாது. ஏன்னா, திண்டுக்கல்லுக்குக் குடி வந்தப்ப இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் அவ கொறமாசம்னு சொல்லல. செல்வியவும் சொல்ல விடல. சஷ்டிக்கே தெரியாது.

என்னா பெரிய ரகசியம்னு நெனைக்காதீங்க. ஊரு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். ஊரு சொல்றதுக்கு முந்தி நானே அம்புட்டு வருசம் ரோட்டுல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவந்தான. நாளைக்கு எவளாச்சும் சண்டையில எம் மகளப் பாத்து எந் திட்டையே எடுத்துத் திட்டுனா?

நிலக்கோட்டையில ஒரு பூ யாவாரிக்கு மட்டும் தெரியும். லீவு கேக்கணும்ல. "மொட்டுல பறிச்ச பூவுதான்ப்பா நின்னு மணக்கும்"னு ஆறுதல் சொன்னாரு. அவரு வாடுன பூவையும் அப்படிச் சொல்லித்தான் விப்பாரு.

சாணி தேடுன படலம்

ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம். சஷ்டி பள்ளிக்கூடம் விட்டு வந்தா. ஒரு கையில கர்ச்சீப்ப வாயோட சேத்துப் புடிச்சிருக்கா. இன்னொரு கை மூடியிருக்கு.

"அப்பா. விழுந்துருச்சு."

கைய விரிச்சா. நோட்டுப் பேப்பருக்குள்ள ஒரு பல்லு. நொய்யரிசி தண்டி.

அம்புட்டு தடவ ஆ காட்டு, ஆ காட்டுன்னு உசுர வாங்குனவன், அன்னைக்கு மட்டும் அவ வாயப் பாக்கல. பல்லத்தான் பாத்தேன்.

செல்வி தண்ணி லாரிக்குக் கொடத்தோட போயிருந்தா. இருந்திருந்தா அப்பவே கதை முடிஞ்சிருக்கும். நான் பல்லத் தூக்கிக்கிட்டு ரெண்டு தெரு தள்ளிப் பால்காரரு மாட்டுக் கொட்டத்துக்கு ஓடுனேன்.

"சாணி வேணும்ணே."

"எம்புட்டு?"

"ஒரு பல்லுக்கு."

அவரு ஒண்ணும் கேக்கல. ஊருல எல்லா அப்பனும் ஒரு நாளு இப்படி வந்து நின்னவந்தான். சாணிய உருட்டி நடுவுல பல்ல வச்சு மூடணும். பல்லு வானத்தப் பாக்கப்படாது. அப்படியே கூரை மேல எறியணும், அது மேலயே தங்கணும். கீழ விழுந்தா புதுப்பல்லு கோணலா வரும்பாங்க.

நான் எறிஞ்ச மொத எறி கூரையத் தாண்டி அந்தப் பக்கம் நின்ன பைக் சீட்டுல போயி ஒக்காந்துச்சு. எடுத்துட்டு வந்து மறுபடி எறிஞ்சேன். எங்க ஆஸ்பெட்டாஸ் கூரையில 'சொத்'துன்னு நின்னுச்சு. தெருவுல நின்ன நாலு பேரக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தேன். "எம் மகளுக்குப் பல்லு விழுந்துருச்சு." ஏதோ கலெக்டர் ஆனாப்புல.

சோறு திங்கிறப்பத்தான் வந்துச்சு வெனை. செல்வி வெஞ்சனம் வச்சுக்கிட்டே, "எங்கடி, காட்டு பாப்போம். மேலயா கீழயா?"ன்னா.

புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டா.

செல்வி மொகவாயப் புடிச்சு நிமுத்தி, வெரல விட்டு எண்ணுனா. மேல பத்து. கீழ பத்து.

"ஏங்க. இருவதும் இருக்கு. நீங்க எந்தப் பல்ல எறிஞ்சீங்க?"

"ஜெர்லின் பல்லும்மா"ன்னா சஷ்டி, சோத்துத் தட்டப் பாத்து.

ஜெர்லினு நாலு வீடு தள்ளி இருக்குற புள்ள. ஒரே வகுப்பு. மத்தியானம் அவளுக்குப் பள்ளிக்கூடத்துலயே மூணாவது பல்லு விழுந்திருக்கு. எம் மக, நான் சிறுமலையிலருந்து வாங்கியாந்த மலவாழப்பழம் ரெண்டக் குடுத்து அத வாங்கிட்டு வந்திருக்கா.

எனக்குக் கோவமா சிரிப்பான்னு தெரியல. தெருவெல்லாம் டீ வாங்கிக் குடுத்தாச்சு. எந்திரிச்சுக் கைகழுவப் போயிட்டேன். அன்னைக்கு அவகூடப் பேசல. மறுநாள் காலையிலயும் பேசல.

பல்லுக்கு அட்ரஸ் தெரியுமா

சனிக்கெழம நான் ஓட்டம் முடிச்சு வந்து வண்டிய நிறுத்துறேன், வாசல்ல ஜெர்லினோட அம்மா மேரி நிக்கிறா. வீட்டுலயே தையல் மிசின் போட்டு ஜாக்கெட் தைக்கிற பொண்ணு. கழுத்துல அளவு டேப்போடயே வந்திருக்கா.

"அண்ணே, எம் மக பல்லு ஒங்க கூரையில கெடக்காம்."

"ஆமா தங்கச்சி. பத்திரமா இருக்கு."

"என்னாண்ணே பத்திரம்? எம் புள்ளைக்கு மொளைக்க வேண்டிய பல்லு ஒங்க வீட்டுல மொளைச்சா நான் என்ன பண்றது?"

"பல்லுக்கு அட்ரஸ் தெரியுமா மேரி? எங்க போட்டாலும் அதுவா அங்க போயிரும்."

"அப்படின்னா எறக்கிக் குடுங்க. நான் எங் கூரையில போட்டுக்கிறேன்."

ஏறுனேன். தண்ணி டிரம்மு மேல ஒரு காலு, செவத்து மேல ஒரு காலு. சாணி காஞ்சு ரெண்டாப் பொளந்து கெடந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. காக்கா கொத்திட்டுப் போச்சோ, அணிலோ. கூரை மேல குத்த வச்சு அந்தக் காஞ்ச சாணியத் துருவிக்கிட்டு இருக்கேன். கீழ நேத்து எங்கிட்ட டீ குடிச்ச நாலு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

"என்ன பாண்டி, பல்லு மொளைச்சிருச்சா?"ன்னு ஒருத்தன்.

"தண்ணி ஊத்துடா, மொளைக்கட்டும்"னு இன்னொருத்தன்.

எறங்கி வந்து மேரிக்கிட்டச் சொன்னேன், காணோம்னு. அவ கோவிச்சுக்கல. "போகட்டும்ணே, மூணாவது பல்லுதான"ன்னுட்டு, எம் மகளப் பாத்தா. சஷ்டி கதவுக்குப் பின்னால நிக்கிது.

"ஏண்ணே, இவளுக்கு இன்னும் ஒண்ணு கூட விழலயா? எட்டு வயசாகப் போகுது. கொறமாசப் புள்ளையாண்ணே?"

கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. சாதாரணமாத்தான் கேட்டா. எனக்குத்தான் வாய் முந்திக்கிச்சு.

"கொறமாசமா? பத்து மாசமும் நெறஞ்சு, மேக்கொண்டு பத்து நாளு. மூணே கால் கிலோ. நர்ஸம்மாவே தூக்க முடியலன்னாங்க."

உள்ள செல்வி பாத்திரத்த நங்குன்னு வச்சா. மேரிக்கு அது பாத்திரச் சத்தம். எனக்குத் தெரியும் அது என்ன சத்தம்னு.

"அப்படின்னா டாக்டரக் காட்டிருங்கண்ணே. சும்மா விடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச பல்லு கிளினிக்கு ஒண்ணு இருக்கு, நானே கூட வாரேன்."

வேணாம்னு எப்படிச் சொல்ல? வாய் குடுத்தாச்சு.

மூணே கால் கிலோ

வண்டியில முன்னால ரெண்டு பேரு ஒக்கார்ற எடத்துல செல்வி, மேரி, மடியில சஷ்டி. மேரி மட்டும் தன் மக பல்லு எந்தக் காக்காயிட்ட இருக்கோன்னு வெளிய பாத்துக்கிட்டு வந்தா.

டாக்டரம்மா சின்ன வயசு. சாஞ்ச நாற்காலியில படுக்க வச்சுத் தட்டிப் பாத்தாங்க. சின்னதா ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. சஷ்டி அது வரைக்கும் நல்லாத்தான் இருந்தா, நாற்காலி ஏறி எறங்குறது அவளுக்குப் புடிச்சுப் போச்சு.

"அடியில புதுப்பல்லு எல்லாம் இருக்கு. அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா பால் பல்லோட வேரு இன்னும் கரையவே ஆரம்பிக்கல. ஏழரை வயசுக்கு இது லேட்டுதான். நெறமாசமா?"

மேரி என்னையப் பாக்குறா.

"நெறமாசந்தான் டாக்டரம்மா."

"எடை?"

"மூணே கால்."

ஒரு தடவ சொன்ன பொய்ய ரெண்டாந் தடவ சொல்றது எம்புட்டு லேசுங்கிறீங்க. எனக்கே அது நெசம் மாதிரி இருந்துச்சு.

டாக்டரம்மா நெத்தியச் சுருக்குனாங்க. "அப்ப வேற காரணம் எதாச்சும் இருக்கான்னு பாத்துரணும். தைராய்டு மாதிரி. ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்."

சீட்டு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. ரத்தம்னதும் சஷ்டி நாற்காலியில எந்திரிச்சு ஒக்காந்துட்டா. அழல. எங் கையப் புடிச்சா. முந்துன நாளுலருந்து நான் பேசாம இருக்கேன், அப்பயும் எங் கையத்தான் புடிச்சா.

அப்பவாச்சும் நான் வாயத் தொறந்திருக்கணும். எந்த நேரமும் தொறந்தே கெடக்குற வாயி. அன்னைக்குன்னு பாத்து மூடிக்கிச்சு. பக்கத்துல மேரி. சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும். இதத்தான் நெனைச்சேன், சத்தியமா. புள்ள கையப் புடிச்சுக்கிட்டு இதத்தான் நெனைச்சேன்.

"டாக்டரம்மா, எழுதாதீங்க."

செல்வி சொன்னா. அவ கொரலே ஒசரல.

"அவரு சொல்றது பொய்யி. முப்பத்தோரு வாரத்துல பொறந்தவ. ஒண்ணே கால் கிலோ. நாப்பது நாளுக்கு மேல பொட்டியில இருந்தா. இவ குதிகாலுல குத்தாத எடம் கெடையாது. இனி குத்தணும்னா இவளுக்காகக் குத்துங்க. இவரு வெக்கத்துக்காக ஒரு ஊசி வேணாம்."

டாக்டரம்மா பேனாவ மூடி வச்சாங்க. என்னைய ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. ரெண்டாப்புல வாத்தியாரு பாத்த பார்வை. அன்னைக்கு நின்னதுதான் எம் படிப்பு.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

அப்புறம் சொன்னாங்க. கொறமாசத்துல பொறக்குற புள்ளைங்க நெறைய பேத்துக்குப் பல்லு மொளைக்கிறதும் மெதுவா இருக்கும், விழுறதும் மெதுவா இருக்கலாம். பொறந்த தேதியிலருந்து எண்ணாம, பொறந்திருக்க வேண்டிய தேதியிலருந்து எண்ணிப் பாக்கணும். பொட்டியில கெடந்தப்ப ஒடம்பு உசுரத் தக்க வைக்கத்தான் பாத்திருக்கும், பல்லப் பத்தி யோசிச்சிருக்காது. "ரத்தம் இப்ப வேணாம். அஞ்சு மாசம் கழிச்சு வாங்க. அதுவா ஆடும், அதுவா விழும். ஆட்டிப் பாக்குறது, நூலு கட்டி இழுக்குறது, எதுவும் கூடாது. கேட்டுச்சா?"

கேட்டுச்சு. இந்தத் தடவ ரெண்டு காதுலயும் நின்னுச்சு.

வெளிய வந்து வண்டியில ஏறுறப்ப மேரி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. ஏதோ சொல்லப் போறான்னு அவசரமாச் சாவியப் போட்டேன்.

"ஏண்ணே, மார்க்கெட்டுல பூவு எடை போடுறப்பயும் இப்படித்தானா?"

அம்புட்டுத்தான் சொன்னா. செல்விக்குச் சிரிப்பு வந்துருச்சு. சேலையால வாயப் பொத்திக்கிட்டு வீடு வரைக்கும் சிரிச்சா. கண்ணையும் அதாலதான் தொடைச்சிக்கிட்டா.

கட்டவெரலு

ரயில்வே கேட்டு போட்டிருந்தான். வண்டி நிக்கிது. சஷ்டி தண்டவாளத்தப் பாத்துக்கிட்டு இருந்தா. இப்பத் திரும்பி எங்கிட்டக் கேட்டா:

"அப்பா, நான் ஜெர்லின் பல்ல எம் பல்லுன்னு சொன்னதுக்கு நீ நேத்துலருந்து பேசல. நீ சொன்னதுக்கு யாரு பேசாம இருக்குறது?"

ரெண்டாப்புப் படிக்கிற புள்ளைக்கு ரெண்டாப்புப் படிச்சவன் பதில் சொல்ல முடியல. ரயிலு வேற வரல.

"நானே பேசாம இருந்துக்கிறேன்த்தா"ன்னேன்.

"ஒன்னால முடியாது"ன்னா.

வீட்டுக்கு வந்ததும் செல்வி பீரோவத் தொறந்து துணிக்கு அடியிலருந்து ஒரு சின்னப் பட்டைய எடுத்தா. ஆஸ்பத்திரியில புள்ள கையில கட்டி விடுவாங்கல்ல, அம்மா பேரு எழுதுனது. அத அவ எடுத்து வச்சிருந்ததே எனக்குத் தெரியாது. இம்புட்டு வருசமா நான் பேசாதன்னு சொன்னேன், அவ பேசல. ஆனா தூக்கியும் போடல.

சஷ்டி அத வாங்கி வெரல்ல மாட்டிப் பாத்தா. கட்டவெரலுக்குத்தான் சரியா இருந்துச்சு.

"இது எங் கையிலயா இருந்துச்சு?"

"ஆமாத்தா. கையிலயும் லொடலொடன்னு கெடந்துச்சு. கழண்டு விழுந்துரும்னு நர்ஸம்மா பஞ்சு வச்சுக் கட்டுனாங்க."

"நான் செத்துப் போயிருவேன்னு நெனைச்சியா?"

செல்வி என்னையப் பாத்தா. எனக்கு வாயில வந்தது ஒரு நல்ல பொய்யி. அத உள்ள தள்ளிட்டு, "தெனமும் நெனைச்சேன்"னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பயந்துட்டாளோன்னு நான் பக்கத்துல நகந்து ஒக்காந்தேன். அப்புறம் கேட்டா:

"பொட்டிக்குள்ள லைட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏசியா?"

"இல்ல, உள்ள கதகதன்னு இருக்கும்."

"எம் பேரு வெளிய எழுதி இருந்துச்சா?"

இப்படி ஆரம்பிச்சதுதான். அதுலருந்து தெனம் ஒரு கேள்வி. குழாய எப்படி விட்டாங்க, நான் அழுதேனா, நீ ஏன் தொடல, பக்கத்துப் பொட்டியில யாரு இருந்தா. ஏழு வருசமா நான் மூடி வச்ச விசயம், அவளுக்கு அத எம்புட்டுக் கேட்டாலும் பத்த மாட்டேங்குது.

எனக்குத்தான் இன்னும் கை நிக்க மாட்டேங்குது. ஆ காட்டுன்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கிக்கிருவேன். அவ கொட்டாவி விட்டா எட்டிப் பாப்பேன். இப்பல்லாம் சிரிப்பு மூட்டி விட்டுப் பாக்குறேன், சிரிச்சா வாய் தெறக்கும்ல. அந்த அஞ்சு மாசம் எப்பமோ முடிஞ்சு, டாக்டரம்மாவும் பாத்துட்டு, "வேரு கரைய ஆரம்பிச்சிருச்சு, இன்னும் கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டாங்க. பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அதுல பாருங்க, போன செவ்வாக்கெழம காலையில கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தவ, டம்ளர அப்படியே கீழ வச்சிட்டு, கீழ்ப்பல்லு மேல வெரல வச்சு…

இருங்க தம்பி. வெளிய கூப்புடுறா.

"அப்பா, இங்க வா. இவங்க நம்ப மாட்டேங்குறாங்க. நான் எத்தன கிலோ இருந்தேன்னு நீயே வந்து சொல்லு."

சன்னல் வழியாப் பாத்தா தெருவுல ஏழெட்டுப் புள்ளைங்க நிக்கிதுங்க. ஜெர்லினு நிக்கிறா. மேரி மிசின நிறுத்திட்டு வாசலுக்கே வந்துட்டா. பால்காரரு சைக்கிள்லருந்து ஒரு கால ஊனி நிக்கிறாரு. டீ குடிச்ச பயலுவளும் இருக்காங்க. எம் மக நடுவுல நின்னு, இம்புட்டுத்தான் இருந்தேன்னு ரெண்டு கையையும் விரிச்சு அளவு காட்டிக்கிட்டு இருக்கா.

வாரேன்த்தா. தம்பி, போன வச்சிர்றேன். போயி ஒண்ணே காலுன்னு சொல்லிட்டு வாரேன்.